இருங்காட்டுக்கோட்டையா, ஆர்சி டிராக்கா?

கார் ரேஸில் ஆசை வந்துவிட்டது, எங்கே ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் ஒரு ஆர்சி டிராக்குக்கு, அதாவது ரிமோட் கன்ட்ரோல் கார்கள் ஓடும் சின்ன டிராக்குக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். இருங்காட்டுக்கோட்டை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஓடிய பந்தயங்களுக்குப் பிறகு சென்னைக்குக் கிடைத்த நிரந்தர டிராக் அது, 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் வருகிற சி1 எனப்படும் முதல் வளைவுக்குள் வண்டிகள் நுழையும் வேகத்தை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். ஆனால் கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது டிராக்கின் ஒரு பகுதிதான், மற்ற இடங்களில் சத்தம் மட்டும் சுற்றி வரும். நாமே ஓட்டலாம் என்றால் ரேஸ் லைசென்ஸ், மருத்துவச் சான்று, ஹெல்மெட், சூட், அப்புறம் வண்டி, டயர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

ஆர்சி டிராக்கில் உயரமான மேடையில் நின்று ஓட்டுவதால் மொத்த டிராக்கும் கண் முன்னால் விரிந்து கிடக்கும். இந்த வளைவில் சீக்கிரம் திரும்பினால் அடுத்த வளைவில் எவ்வளவு நேரம் போகிறது என்பது உடனே தெரிந்துவிடும். கார் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும், அதுதான் பழக வேண்டிய ஒரே பெரிய சிரமம்.

அளவையும் கவனியுங்கள். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1/10 அளவுள்ள ஆர்சி காரை எடுத்துக்கொள்வோம். பெரிய டிராக்கின் அகலம் 12 மீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு 1.2 மீட்டர்தான் வரும், ஆனால் பல ஆர்சி டிராக்குகளில் பாதை மூன்று நான்கு மீட்டர் இருக்கும். 1/10 அளவுக் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போவது, அந்த அளவுக்குப் பார்த்தால் 600க்குச் சமம், அவ்வளவு அகலம் இல்லாமல் முடியாது. அதனால் முந்துவதற்கு இடம் தாராளம். ஓரத்தில் பலகையோ குழாயோ வைத்திருப்பார்கள், பெரிய டிராக் மாதிரி, பாதையை விட்டு விலகும் வண்டியின் வேகத்தைக் குறைக்கும் சரளைப் பரப்பு இருக்காது, கொஞ்சம் தப்பினாலும் நேராக இடிதான். குழாயை நகர்த்தி வைத்தால் அடுத்த வாரம் புது லேஅவுட், இதைப் பெரிய டிராக்கில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஒன்று மட்டும், உங்கள் ரேஸ் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த ரேஸுக்கு வளைவில் நின்று கவிழ்ந்த கார்களை ஓடிப்போய் நிமிர்த்துவது பல இடங்களில் ஓட்டியவர்களின் வேலைதான், அதனால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.