11 மாதத் தூளி: சேலையில் குறையில்லை, கட்டைதான் தொல்லை

இரண்டு மாதக் கைக்குழந்தையோடு இருக்கும் தோழி போனில் கேட்டாள்: "தூளி கட்டலாமாடி? ஸ்பிரிங், கயிறு, கட்டை எல்லாம் சேர்த்து ஒரு செட், இப்ப விலை குறைச்சுப் போட்டிருக்காங்க. வாங்கிடவா?" அன்று காலையில்தான் எங்கள் வீட்டுத் தூளியில் சேலையை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டை மூன்றாவது முறையாகக் கழன்று விழுந்திருந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அம்மா கொண்டுவந்தது பல வருடம் உடுத்திய சின்னாளபட்டி சுங்குடி. துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய், கையில் எடுத்தால் குழைந்து இறங்கும். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் மடித்து இரட்டையாக்கி, இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். முதலில் இடதை வலதின் மேல், அப்புறம் வலதை இடதின் மேல். இரண்டு தடவையும் ஒரே பக்கம் சுற்றினால் முடிச்சு மெல்ல மெல்ல நெகிழும். பாலியெஸ்டர் சேலை வழுக்கும், நூல் சேலையில் பாரம் ஏற ஏற முடிச்சு இறுகும். முடிச்சு மேலே கயிற்றோடு இருக்க வேண்டும், பக்கவாட்டில் வரக் கூடாது. பிள்ளையைப் போடுவதற்கு முன் அம்மா 10 கிலோ அரிசிப் பையை வைத்து அரைமணி நேரம் ஆட்டிப் பார்த்தார். தரையிலிருந்து ஒரு முழம்தான் உயரம், கீழே மெத்தை. கூடத்து மேல்தளத்தில் கான்கிரீட் போடும்போதே வைத்த இரும்புக் கொக்கி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஃபேன் மாட்டிய கொக்கியில் மட்டும் யாரும் கட்டிவிடாதீர்கள்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இதில் கிடைத்தது. பிள்ளை விழிக்கப் போகிறாள் என்பது அழுகைக்கு முன்பே தெரிந்துவிடும். சேலையின் ஓரத்தில் குதிகால் முட்டி, கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு எழும். பிறகு முழங்கை. பிறகு அந்தப் புடைப்பு நகரும். அடுப்படியில் நின்றபடியே பார்த்துவிட்டுப் பாலைச் சூடாக்கப் போய்விடுவேன். மே மாதத்தில் கரண்ட் போனாலும் அவளுக்கு வேர்க்காத ஒரே இடம் அதுதான். நனைத்துவிட்டால் அடுத்த சேலையைக் கட்ட ஐந்து நிமிடம் போதும்.

இனி கட்டை. இரண்டடி நீளம், இரண்டு முனையிலும் சேலை உட்காருவதற்கு ஒரு வெட்டு. பார்க்க அழகாக வார்னிஷ் அடித்திருந்தார்கள், அதனாலேயே துணி அதில் நிற்காது. வெட்டும் ஆழமில்லை. பிள்ளை உள்ளே இருக்கும்வரை அவள் பாரம் சேலையை இழுத்துப் பிடிக்கிறது, கட்டையும் நிற்கிறது. அவளைத் தூக்கிய நொடியில் சேலை தளர்கிறது, கட்டை நழுவுகிறது. அதாவது, நாம் குனிந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்து நிற்கும் அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலிருந்து விழும். முதல் முறை என் மணிக்கட்டில் பட்டது. இரண்டாவது முறை அவள் நெற்றியில். நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை.

கட்டையே வேண்டாம் என்று தூக்கிப் போடவும் வழியில்லை. அது இல்லாவிட்டால் சேலை இரண்டு பக்கமும் கூம்பி முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளையும் உள்ளே சுருண்டு, தாடை நெஞ்சில் அழுந்துகிறது. அப்படி மடங்கினால் மூச்சுப் பாதை ஒடுங்கும், கழுத்து நிற்காத குழந்தைக்கு அது ஆபத்து என்று டாக்டர் சொன்னார். ஆட்டித் தூங்கவைத்தபின் தூக்கிச் சமதரையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள், இரவுத் தூக்கத்துக்குத் தூளி வேண்டவே வேண்டாம் என்றார். பெரும்பாலும் அதன்படிதான் நடந்தோம். ஆனால் தூக்கும்போதுதானே கட்டை விழுகிறது!

அம்மா ரவிக்கைத் துணியில் இரண்டு பக்கமும் சிறு கூடு தைத்து, கட்டையின் முனைகளை அதற்குள் செருகினார். ஆறு மாதம் அசையவில்லை. செட் விற்கிறவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. போன வாரம் தையல் விட்டது, கட்டை விழுந்தது. நல்லவேளை, மெத்தையில்.

ஸ்பிரிங் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கிறீச்சிடும், எண்ணெய் விட்டால் சேலையில் சொட்டும், வெறும் கயிறே போதும்.

இத்தனை பாராட்டியும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பகலில் அவள் வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும்தான். தூளியில் பிள்ளை கிடக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எனக்கு அம்மா இருந்தார். என் மகள் இப்போது சேலை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறாள், அதனால் நேற்று அவிழ்த்துவிட்டோம். கட்டையை அடுப்பெரிக்கக் கொடுத்தாயிற்று. சுங்குடியைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன், அதை யார் கேட்டாலும் தர மாட்டேன்.