பத்து ஆராங்: லேசரா, ஒளிப்படமா, நினைவா?

கோலாலம்பூர் ஈயத்தால் உருவான ஊர். ஆயினும் அந்த ஈயத்தின் தடயத்தை நகருக்குள் தேடினால் இன்று பெரும்பாலும் ஏரிகளே கண்ணில் படுகின்றன. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிய சுங்கை பீசியின் ஹோங் ஃபாட் சுரங்கம், இப்போது மைன்ஸ் வளாகத்து ஏரியின் அடியில் கிடக்கிறது. ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கின் நிலை வேறு. 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்ட அவ்வூரில் செங்கல் புகைபோக்கிகளும் இடிந்த கட்டடங்களும் இன்னும் நிற்கின்றன. சீனர்களோடு நம்மவர்களும் உழைத்த அந்த இடத்தை மழையும் வேர்களும் மேலும் சிதைப்பதற்குள் கணினியில் பதிந்து வைக்க விரும்புவோர் முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே இங்கு என் கேள்வி.

லேசர் ஒளியைப் பாய்ச்சித் தூரத்தை அளந்து வடிவைப் பதியும் லேசர் வருடியின் பெரும் பலம் அதன் துல்லியம். சுவரின் சாய்வையும் விரிசலின் அகலத்தையும் மில்லிமீட்டர் அளவில், உண்மையான அளவுகோலோடு தருவதால், பழுதுபார்க்கும் பொறியாளருக்கு அதைவிட நம்பகமான சான்று வேறில்லை. ஆனால் கருவியின் விலையும் நீண்ட நாள் வாடகையும் ஒரு சிறு தன்னார்வக் குழுவின் கைக்கு எட்டுவதில்லை. தரையில் நிறுத்திய வருடிக்கு உயர்ந்த புகைபோக்கியின் உச்சியும் சரியாக அகப்படாது. ஒளிப்பட அளவை முறையிலோ, ஒரு சாதாரணக் கேமராவால் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியைத் தழுவுமாறு நூற்றுக்கணக்கில் எடுத்து, மென்பொருளில் இணைத்து முப்பரிமாண வடிவைப் பெறலாம். செங்கல்லின் சொரசொரப்பு இதற்கு மிகவும் ஏற்றது. நீர்ப்பரப்பும் பளபளக்கும் உலோகமும் ஏற்றவை அல்ல. அளவுகோல் தானாக வராது என்பதால், நீளம் தெரிந்த கோல் ஒன்றைக் காட்சிக்குள் வைக்க மறக்கக் கூடாது. இரண்டில் நான் ஒளிப்படத்தின் பக்கமே சாய்கிறேன். மூலப் படங்களைப் பாதுகாத்து வைத்தால், நாளை வரும் மேம்பட்ட மென்பொருளில் அவற்றையே மீண்டும் இட்டு, இன்றையதைவிடச் செம்மையான வடிவை உருவாக்கிக்கொள்ள முடியும். காடு மூடிய பகுதிகளுக்கு மட்டும் இத்தீர்ப்பு பொருந்தாது: வானிலிருந்து பாய்ச்சும் லேசர் இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுவிடும், கேமராவோ மரத்தின் தலையோடு நின்றுவிடும்.

எனினும் இவ்விரு கருவிகளும் நின்றிருப்பதை மட்டுமே பதியும். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் மறைந்த இடத்தில் எந்த வருடியும் வெறும் புல்லைத்தான் காட்டும். 1937 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் ஊரையே தம் வசப்படுத்தியதற்கும், காவல் துறை புகுந்து அதை முறியடித்ததற்கும் செங்கல்லில் சாட்சி இல்லை. முதியவர் ஒருவரை அதே இடத்திற்கு அழைத்துச் சென்று, அவர் சுட்டும் புள்ளியைக் கைப்பேசியின் இருப்பிடக் குறிப்போடும் அவருடைய குரலோடும் சேர்த்துப் பதிவதே மூன்றாவது வழி. நினைவு தடுமாறும் என்பது உண்மைதான். அதற்காகவே ஒரே இடத்தைப் பற்றி இருவர் மூவரிடம் தனித்தனியே கேட்டுப் பழைய வரைபடங்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சுரங்கம் மூடப்பட்ட ஆண்டில் 18 வயதில் வேலை செய்தவர்கள் இன்று 80ஐத் தாண்டிவிட்டார்கள். புகைபோக்கி இன்னும் பத்தாண்டு நிற்கக்கூடும். அவர்களை நாம் அவ்வளவு காலம் காக்க வைக்க முடியாது. ஆகவே கையிலுள்ள பணத்தில் முதல் பங்கு குரல் பதிவுக்கும், அடுத்தது ஒளிப்படத்திற்கும் போக வேண்டும். லேசரைப் புகைபோக்கிகளின் சாய்வையும் விரிசலையும் அளக்க மட்டும் ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

அழிந்ததைத் திரையில் மீண்டும் எழுப்பிக் காட்டும் மறுவடிவாக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எது சான்று, எது ஊகம் என்பது பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 2009இல் செம்மைப்படுத்தப்பட்ட, மரபுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான நெறிகளைக் கூறும் லண்டன் சாசனம் வலியுறுத்துகிறது. அளந்து பெற்ற சுவரை ஒரு நிறத்திலும், முதியவர் சொல்லிக் கட்டிய லயத்தை வேறொரு நிறத்திலும் காட்டி, லயத்தைத் தொட்டதும் அதைச் சொன்னவரின் குரல் ஒலிக்கும்படி அமைத்தால் அந்நிபந்தனை நிறைவேறும்.