ஐந்து வரியில் தொடங்கிய ரிலீஸ் குறிப்பு: நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

ஒரு ரிலீஸை, அதாவது புதிய வெர்ஷனை, எப்படி வெளியிடுவது என்று நான் எழுதிவைத்த குறிப்பின் முதல் பதிப்பில் மொத்தமே ஐந்து வரி. "வெர்ஷன் எண்ணை மாற்று. பில்ட் ஓட்டு. ஜிப் போடு. இரண்டு ஸ்டோரிலும் ஏற்று. டேக் போடு." பில்ட் என்பது மூலக்குறியீட்டிலிருந்து வெளியிடத் தக்க கோப்புகளை உருவாக்குவது; டேக் என்பது அந்த நேரத்துக் குறியீட்டின் மேல் வெர்ஷன் எண்ணைப் பெயராக ஒட்டிவைப்பது. ரெப்போவில், அதாவது கிட் என்ற கருவி எங்கள் குறியீட்டையும் அதன் மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் இடத்தில், ரிலீசிங்.எம்டி என்று பெயர் வைத்து அதைப் போட்டபோது ஏதோ பெரிய கடமையை முடித்த திருப்தி எனக்கு. அந்த ஐந்து வரியில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்னைத் தவிர வேறு யாராலும் ஒரு ரிலீஸ் போட முடியாது என்பது தெரியவர ஒன்றரை ஆண்டு ஆனது.

நாங்கள் பராமரிப்பது ஒரு சின்ன பிரவுசர் நீட்சி. பக்கத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் அதன் பொருளைக் காட்டும். திறமூலம், ஃபயர்பாக்ஸுக்கும் குரோமுக்கும் வெளியிடுகிறோம், ஓய்வு நேரத்தில் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். ரிலீஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். எல்லாத் தொல்லையும் இந்த இடைவெளியால்தான். தினமும் செய்கிற வேலை என்றால் கை தானாகப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் பயந்துகொண்டு ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துச் செய்வோம். மூன்று மாதம் என்பது நினைவிருப்பது போலவே இருந்து, சரியான நேரத்தில் காலை வாரிவிடுகிற கால அளவு.

நான் ஊரில் இல்லாத ஒரு வாரம், சக பராமரிப்பாளர் முதல்முறையாகத் தனியாக ரிலீஸ் போட உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் செய்தி வந்தது.

"ஜிப்பை எந்த ஃபோல்டருக்குள்ள நின்னு போடணும்?"

"டிஸ்ட்டுக்குள்ள போய்த்தான். ஏன் கேக்குறீங்க?"

"குறிப்புல 'ஜிப் போடு'ன்னு மட்டும்தான் இருக்கு. நான் வெளியில இருந்து டிஸ்ட் ஃபோல்டரையே ஜிப் பண்ணிட்டேன். மேனிஃபெஸ்ட் ஃபைலே இல்லைன்னு சொல்லுது."

டிஸ்ட் என்பது பில்ட் உருவாக்கிய கோப்புகள் வந்து விழும் ஃபோல்டர். நீட்சியின் பெயர், வெர்ஷன், அனுமதிகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட்.ஜேசன் கோப்பு ஜிப்பின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஃபோல்டரை வெளியே நின்று சுருட்டினால் அது ஒரு படி உள்ளே போய்விடும், ஸ்டோர் அதைத் தேடிப் போகாது. எனக்கு இது தெரியும். தெரியும் என்பதாலேயே எழுதத் தோன்றவில்லை. அன்று இரவே அந்த வரியை மாற்றினேன்: எந்த ஃபோல்டருக்குள் போக வேண்டும், கட்டளை என்ன, அதற்குக் கீழே, "ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டுப் பார். மேனிஃபெஸ்ட்.ஜேசன் என்ற பெயருக்கு முன்னால் வேறு ஃபோல்டர் பெயர் இருக்கக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்த நான்கு ஆண்டில் நான் கற்ற பெரும்பகுதி. என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லாரும் எழுதிவிடுகிறோம். செய்தது சரிதானா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்பதை எழுதுவதில்லை. புதிதாக வருபவர் தடுமாறுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

வெர்ஷன் எண் பற்றிய பத்தி குறிப்பில் இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. செம்வர் என்னும் வெர்ஷன் எண் வழக்கப்படி 2.0.0-பீட்டா.1 என்று போடலாமே என்று ஒருமுறை முயன்றோம். குரோம் ஏற்காது. அங்கே வெர்ஷன் என்பது புள்ளியால் பிரித்த எண்கள் மட்டும். ஒன்று முதல் நான்கு வரை, ஒவ்வொன்றும் 0 முதல் 65535-க்குள். எழுத்து கூடாது, 1.05 என்று முன்னால் பூஜ்யமும் கூடாது. போன தடவையைவிடப் பெரிய எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஒருமுறை ஏற்றிய எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. இதனால் எங்களிடம் கிட் டேக்காக இருந்தும் ஸ்டோரில் இல்லாத எண்கள் சில உண்டு. ஆரம்பத்தில் அது என்னை உறுத்தியது. வரிசை அழகாக இருக்க வேண்டும் என்று பழைய டேக்கை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகப் போட்டேன். ஏற்கெனவே அந்த டேக்கை இழுத்து வைத்திருந்தவர்கள் கையில் பழையதும் என் கையில் புதியதுமாக இரண்டு 1.7.2 உலவின. இப்போது குறிப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி: "எண் வீணானால் வீணாகட்டும். அடுத்த எண்ணுக்குப் போ."

இனி, எங்களை உண்மையிலேயே நடுங்க வைத்த சம்பவம். ஒரு சிறிய வசதிக்காக மேனிஃபெஸ்ட்டில் "டேப்ஸ்" அனுமதியைச் சேர்த்திருந்தோம். குறியீட்டைப் பார்வையிட்டபோது ஒரே ஒரு சொல், யாருக்கும் உறுத்தவில்லை. சோதித்தபோதும் எல்லாம் ஓடியது, ஏனென்றால் சோதிப்பவர் நீட்சியைப் புதிதாக ஏற்றித்தான் பார்க்கிறார். ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு நடப்பது வேறு. அந்த அனுமதிக்குக் குரோம் காட்டும் எச்சரிக்கை, உங்கள் உலாவல் வரலாற்றை இந்த நீட்சி படிக்கும் என்பது. புதுப்பிப்பில் இப்படி ஒரு எச்சரிக்கை புதிதாகச் சேர்ந்தால், பயனர் சம்மதம் தரும்வரை நீட்சியைக் குரோம் முடக்கி வைத்துவிடும். ஃபயர்பாக்ஸ் கொஞ்சம் சாது: சம்மதம் தரும்வரை பழைய வெர்ஷனையே ஓடவிடும்.

பொருள் பார்க்க உதவுகிற ஒரு நீட்சி திடீரென்று உலாவல் வரலாற்றைக் கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? நானே சம்மதித்திருக்க மாட்டேன். "நீட்சியை வேறு யாருக்காவது விற்றுவிட்டீர்களா?" என்று கேட்டு வந்த மடலுக்குப் பதில் எழுதும்போது கை கூசியது. அனுமதியை எடுத்துவிட்டு மறுநாளே அடுத்த எண்ணில் ஏற்றினோம். முந்தைய வெர்ஷனுக்குப் பின்னோக்கிப் போ என்று பயனரின் பிரவுசரிடம் சொல்ல வழியில்லை. பழைய குறியீட்டையே பெரிய எண் போட்டு முன்னோக்கித்தான் அனுப்ப வேண்டும். அன்று அதுவும் ஸ்டோர் பரிசீலனை முடிந்து, ஒவ்வொரு பிரவுசரும் தானாகப் புதுப்பிப்பைத் தேடும் நேரம் வந்த பிறகே போய்ச் சேர்ந்தது. குரோம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தேடும், ஃபயர்பாக்ஸ் வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை.

அதிலிருந்து குறிப்பின் முதல் படியே மாறியது. பில்ட், ஜிப் எல்லாவற்றுக்கும் முன்னால், போன டேக்குக்கும் இப்போதைக்கும் இடையே மேனிஃபெஸ்ட்டில் மட்டும் என்ன மாறியிருக்கிறது என்று கிட் டிஃப் போட்டுப் பார்க்க வேண்டும். வெர்ஷன் வரி தவிர வேறு எது மாறியிருந்தாலும் நிறுத்திவிட்டு மற்ற இருவரிடம் கேள். அனுமதி தேவைதான் என்றால், விருப்ப அனுமதியாக வைத்து, அந்த வசதியைப் பயனர் தொடும் நேரத்தில் கேட்க முடியுமா என்று பார். பத்து விநாடி வேலை.

அடுத்த அடி என் கணினியிலிருந்தே வந்தது. சோதனைக்காக நான் வைத்திருந்த ஒரு அமைப்புக் கோப்பு, கமிட் செய்யாதது (ரெப்போவில் பதியாதது), ரிலீஸ் ஜிப்புக்குள் போய்விட்டது. ரகசியம் எதுவும் அதில் இல்லை, பிழைத்தோம். ஆனால் ரெப்போவில் இல்லாத ஒன்று பயனர் கைக்குப் போயிற்று என்பதே பெரிய விஷயம். 2024 மார்ச்சில் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சுருக்கக் கருவியான எக்ஸ்இசட்டில் பின்கதவு வைத்த விவகாரம் வெடித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் இருந்த தீங்கான பகுதியைக் கிளப்பிவிடும் ஸ்கிரிப்ட் வெளியீட்டுத் தொகுப்பில் இருந்தது, கிட் ரெப்போவில் இல்லை. அது திட்டமிட்ட சதி, எங்களுடையது வெறும் கவனக்குறைவு, ஒப்பிடவே கூடாதுதான். இருந்தாலும் ரெப்போவும் தொகுப்பும் ஒன்றா என்று யாரும் பார்க்காத இடைவெளி இரண்டிலும் ஒரே இடைவெளி. இப்போது எவரும் தம் வேலை ஃபோல்டரிலிருந்து ரிலீஸ் போடுவதில்லை. புதிதாக ஒரு இடத்தில் ரெப்போவைக் குளோன் செய்து (நகலெடுத்து), டேக்கில் நின்று, அங்கிருந்து பில்ட்.

இதில் தானாக ஒரு நன்மையும் கிடைத்தது. பண்டில் செய்த (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய), சுருக்கிய குறியீட்டை ஏற்றினால் ஃபயர்பாக்ஸ் தளம் மூலக்குறியீட்டையும், அதிலிருந்து அதே கோப்புகளை உருவாக்கும் வழிமுறையையும் கேட்கும். பரிசீலிப்பவர் தாமே பில்ட் செய்து ஒப்பிடலாம். எங்கள் பில்ட் முதலில் அந்தத் தேர்வில் தேறவில்லை. காரணம், பில்டுக்குத் தேவையான நிரல்தொகுப்புகளை நிறுவ என்பிஎம் இன்ஸ்டால் என்று எழுதியிருந்தோம். அது, ஒவ்வொரு தொகுப்பின் துல்லியமான வெர்ஷனையும் குறித்துவைக்கும் லாக் கோப்பை மாற்றிவிடக்கூடும். என்பிஎம் சிஐ என்று போட்டால் லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும், இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும். இவற்றை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மென்பொருளின் வெர்ஷனையும் சேர்த்து எழுதினோம். முன்பின் தெரியாத ஒருவர் நம் குறிப்பை மட்டும் நம்பி பில்ட் செய்யப் போகிறார் என்று தெரிந்தபின் எழுதும் வாக்கியங்களே வேறு மாதிரி வருகின்றன. "வழக்கம்போல" என்ற சொல் குறிப்பில் நான்கு இடத்தில் இருந்தது. நான்கையும் எடுத்தேன்.

டேக் விஷயம் சின்னது. மாற்றங்களைப் பொது ரெப்போவுக்கு அனுப்பச் சும்மா கிட் புஷ் செய்தால் டேக் போகாது, தனியாகத் தள்ள வேண்டும். இரண்டு ரிலீஸுக்கு டேக் என் கணினியிலேயே தூங்கியது.

கடவுச்சொற்களைப் பற்றி எழுதத்தான் கூச்சமாக இருந்தது. பொது ரெப்போவில் ரகசியத்தை வைக்க முடியாது, சரி. ஆனால் எந்த ரகசியம் எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்பது ரகசியம் இல்லையே. இரண்டு ஸ்டோரும் இரண்டு அடுக்கு உறுதிப்படுத்தலைக் கேட்கின்றன. அந்த இரண்டாவது அடுக்கு நெடுங்காலம் என் ஒற்றைத் தொலைபேசியில் மட்டும் இருந்தது. நான் தொலைந்தாலும் தொலைபேசி தொலைந்தாலும் திட்டத்துக்கு ஒரே விளைவுதான். இப்போது இன்னொருவருக்கும் உரிமை உண்டு, மீட்புக் குறியீடுகள் எங்கே என்று ஒரு வரியும் உண்டு.

"இதையெல்லாம் ஸ்கிரிப்ட்டாக எழுதிவிடலாமே, குறிப்பு எதற்கு?" என்ற கேள்வி இரண்டாம் ஆண்டு வந்தது. நியாயம்தான். நீட்சியில் பிழை தேடும் வெப்-எக்ஸ்ட் லின்ட், பில்ட், ஜிப், டேக் எல்லாம் இப்போது ஒரே கட்டளையில் ஓடுகின்றன. குறிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் ஸ்கிரிப்ட் பாதியில் செத்த நாளில்தான் மீதிப் பாதியின் அருமை தெரிந்தது. ஒரு ஸ்டோரில் ஏறிவிட்டது, இன்னொன்றில் ஏற்ற அனுமதி தரும் டோக்கன் காலாவதி. முதலிலிருந்து ஓட்டினால், அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று முதல் ஸ்டோரே தடுக்கும். ஸ்கிரிப்ட்டுக்கு ஆரம்பிக்கத் தெரியும், விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. குறிப்பில் இப்போது நீளமான பகுதி அதுதான்: எந்தப் படியில் நின்றால் என்ன நடந்து முடிந்திருக்கும், எங்கிருந்து தொடர வேண்டும், எதை மறுபடி தொடவே கூடாது.

குறைகளும் உண்டு. ஸ்டோர் பக்கங்களில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று படத்தோடு எழுதிய பகுதிதான் நான் அதிகம் மெனக்கெட்டது, அதுவே சீக்கிரம் உதவாமல் போனது. பக்கத்தின் அமைப்பு மாறினால் படம் பொய் சொல்கிறது. படம் வைத்திருப்பதால் படிப்பவர் நம்பவும் செய்கிறார், அதுதான் மோசம். படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, "புதிய வெர்ஷனை ஏற்றும் இடத்தைத் தேடு" என்று மட்டும் விட்டேன். மாற்றப் பட்டியல் எழுதும் பகுதியும் இன்னும் சரியாக அமையவில்லை. கமிட் செய்திகளை அப்படியே ஒட்டாதே, பயனர் என்ன வித்தியாசம் பார்ப்பார் என்று எழுது என்று சொல்லி வைத்திருக்கிறோம். ரிலீஸ் நாளில் அவசரத்தில் எல்லாரும் ஒட்டத்தான் செய்கிறோம், நான் உட்பட.

ஒரு வரியை அழித்த சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். மேனிஃபெஸ்ட்டின் புதிய வடிவமான மேனிஃபெஸ்ட் 3-க்கு மாறியபோது பின்னணியில் ஓடும் பகுதிக்குக் குரோம் சர்வீஸ் வொர்க்கர் கேட்டது, ஃபயர்பாக்ஸ் பின்னணி ஸ்கிரிப்ட் கேட்டது. ஒன்றுக்கான வரியை வைத்தால் இன்னொன்று முரண்டு பிடிக்கும். இரண்டு மேனிஃபெஸ்ட் வைத்துக்கொண்டு, எதை எங்கே நகலெடுப்பது என்று ஏழு வரியில் எழுதி வைத்திருந்தோம். இரண்டு பிரவுசர்களும் 121-ஆம் வெர்ஷனில் இருந்து இரு வரிகளையும் ஒரே கோப்பில் ஏற்றுக்கொண்டு தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஏழு வரியையும் நீக்கிய கமிட்டுக்கு மட்டும் "அப்பாடா" என்று செய்தி எழுதினேன்.

கடைசி ரிலீஸைப் போட்டது எங்கள் மூன்றாமவர், அவருக்கு இது முதல்முறை. எனக்கு ஒரு செய்திகூட வரவில்லை. மறுநாள் ரெப்போவைப் பார்த்தால் டேக் இருந்தது, இரண்டு ஸ்டோரிலும் 2.6.0 இருந்தது, குறிப்பில் அவருடைய கமிட் ஒன்றும் இருந்தது. ஒன்பதாவது படிக்குக் கீழே ஒரே வரி சேர்த்திருக்கிறார்: "இந்த இடத்தில் நாற்பது விநாடி எதுவும் நடக்காதது போல் இருக்கும். காத்திருக்கவும்."