ஹெட் போல்ட் முறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் செட்: ரெஞ்ச் பாஸ், ஆங்கிள் கேஜ் ஃபெயில்

சாக்கெட் மாட்டும் சதுர முனை (டிரைவ்) அரை இஞ்ச், 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை போகும் கிளிக் ரெஞ்ச், அதாவது நாம் வைத்த அளவுக்கு முறுக்கியதும் 'கிளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச். கூடவே போல்ட் எத்தனை டிகிரி திரும்பியது என்று காட்டும் ஒரு ஆங்கிள் கேஜ், ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் நீளமான ஒரு எக்ஸ்டென்ஷன், எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள். இதே செட் நிறம் மாறி, பெயர் மாறிப் பல பிராண்டுகளில் வருவதால் பெயர் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெட்டி மேலே "சிலிண்டர் ஹெட் வேலைக்கு முழு செட்" என்று போட்டிருக்கிறார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வீல் நட்டு முறுக்குவதற்கு என்றால் எந்த ரெஞ்சும் போதும், விமர்சனமே தேவையில்லை.

நான் போட்டுப் பார்த்தது ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐ டீசல் இன்ஜினில். இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கீழே இருக்கும் பிளாக்கோடு பிடிக்க 10 போல்ட். முறுக்குவது நாலு கட்டம்: 40 நியூட்டன் மீட்டர், அப்புறம் 60, அதற்கு மேல் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, கடைசியாக இன்னொரு 90 டிகிரி. கவனித்தீர்களா, டார்க் ரெஞ்சின் வேலை 60-லேயே முடிந்துவிடுகிறது. போல்ட் உண்மையில் இறுகுவது அதற்குப் பிறகு வரும் அரைச் சுற்றில்தான். இந்த செட் சொதப்புவதும் அங்கேதான்.

முதலில் ரெஞ்ச். நன்றாகவே இருக்கிறது. எண்ணெய்க் கையோடு பிடித்தாலும் கைப்பிடி வழுக்கவில்லை, அடியில் இருக்கும் லாக் தானாக நகரவில்லை. அளவுக் கோடுகள் பெயின்ட் இல்லை, உலோகத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். நியூட்டன் மீட்டர் ஒரு பக்கம், அடி-பவுண்ட் எதிர்ப் பக்கம். இது எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் ரெஞ்சில் அவசரத்துக்கு 40-ஐத் தப்பான பக்கம் வைத்தால் 54 நியூட்டன் மீட்டர் ஏறிவிடும், கிளிக் மட்டும் ரொம்ப நம்பிக்கையாகக் கேட்கும்.

60-ல் கிளிக் காதுக்கும் கேட்கிறது, கைக்கும் தெரிகிறது. 40-ல் அப்படி இல்லை. சத்தம் அமுங்கி வருகிறது, பக்கத்தில் கம்ப்ரசர் ஓடினால் தவறவிட்டுவிடுவீர்கள். இதை இந்த ரெஞ்சின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். டார்க் ரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789 இந்த வகை ரெஞ்சுக்கு அனுமதிக்கும் 4 சதவீத வித்தியாசம், வழக்கமாக உச்ச அளவின் 20 சதவீதத்திலிருந்து மேலேதான் சோதிக்கப்படுகிறது. 210-ல் 20 சதவீதம் 42. ஆக முதல் கட்டத்துக்கான 40, இந்த ரெஞ்ச் பொறுப்பேற்கும் எல்லைக்கு ஒரு படி கீழே கிடக்கிறது. ரெஞ்சைச் சோதிக்கும் டெஸ்டரில் வைத்துப் பார்த்தபோதும் அதேதான் தெரிந்தது: 60-லும் 100-லும் கச்சிதம், 40-ல் கொஞ்சம் அதிகம். முதல் கட்டம் ஹெட்டைச் சமமாக உட்கார வைக்கத்தான் என்பதால் இந்த இன்ஜினில் பெரிய பாதகம் இல்லை. ஆனால் உங்கள் வேலை பெரும்பாலும் 20, 30, 40 என்றே ஓடுகிறது என்றால் 3/8 டிரைவில் சின்ன ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும்.

இழுக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே சீராக இழுத்து, கிளிக் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். உறுதிக்கு இன்னொரு தடவை என்று மறுபடி தட்டுகிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. அது உறுதி பார்ப்பது இல்லை, கூடுதலாக முறுக்குவது.

இனி, எவ்வளவு நல்ல ரெஞ்சாலும் முடியாத விஷயம். ரெஞ்சுக்குத் தெரிவது போல்ட்டைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பது மட்டும்தான். அந்தப் பலத்தில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலேயே போய்விடும். ஏறக்குறைய 40 சதவீதம் மரையில் போகும். போல்ட்டை இழுத்து ஹெட்டை பிளாக்கோடு அமுக்குவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. மரையில் துருவோ பழைய கசடோ இருந்தால் அந்த ஒரு பங்கும் கரைந்துவிடும். கிளிக் ஒழுங்காக வரும், போல்ட் இழுபட்டிருக்காது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கட் சில மாதத்தில் ஊதும்போது "டார்க் வைத்துத்தானே முறுக்கினேன்" என்று தலையைச் சொறிவார்கள்.

அதனால் ரெஞ்சைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. பிளாக்கில் மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் கருவியான டாப் போட்டால் அது உலோகத்தையும் சேர்த்துச் சீவிவிடும், மரையைத் தூய்மைப்படுத்த மட்டும் வரும் சேஸர்தான் சரி. அடி மூடிய ஓட்டைகளில் கூலன்ட்டோ ஆயிலோ தேங்கி நிற்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது திரவம் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி பிளாக்கே விரிசல் விடும். காற்று அடித்து, துணி சுற்றிய கம்பி விட்டு, திரும்பவும் காற்று அடியுங்கள். மரையிலும் தலைக்கு அடியிலும் மேனுவல் சொன்ன ஆயில் லேசாக, அவ்வளவுதான். ஆயில் என்று போட்டிருக்கும் இடத்தில் மாலிப்டினம் பேஸ்ட் தடவினால் உராய்வு இன்னும் குறைந்து, அதே 60-க்குப் போல்ட் அதிகம் இழுபடும்.

இந்த உராய்வுத் தொல்லையைத் தாண்டத்தான் கடைசிக் கட்டங்களில் டிகிரி கணக்கில் திருப்பும் முறை வந்தது. மரை இடைவெளி 1.75 மில்லிமீட்டர் உள்ள 12 மில்லிமீட்டர் போல்ட்டை 90 டிகிரி திருப்பினால் கிட்டத்தட்ட 0.44 மில்லிமீட்டர் இறங்கியே ஆக வேண்டும், மரை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும்கூட. இரண்டு முறை 90 என்றால் போல்ட் தன் மீள்தன்மை எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும். அந்த நிலையில் பத்து போல்ட்டும் ஏறக்குறைய ஒரே விசையோடு பிடிக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். அதே காரணத்தால் இந்த வகைப் போல்ட் ஒரு முறைக்குத்தான். நீளத்தை அளந்து, எல்லைக்குள் இருந்தால் திரும்பப் போடலாம் என்று சில இன்ஜின்களுக்கு மேனுவலே அனுமதிக்கும். அப்படிச் சொல்லாத இடத்தில் புதுப் போல்ட் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

இவ்வளவு முக்கியமான கட்டத்துக்கு இந்த செட்டில் கொடுத்திருக்கும் ஆங்கிள் கேஜைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. டயல் அசையாமல் நிற்க ஒரு வளையும் கம்பி, அதன் நுனியில் காந்தம். காந்தத்தை எங்கே ஒட்டுவது? ஹெட் அலுமினியம்! இரும்பு பிளாக்கைத் தொடக் கம்பி எட்டவில்லை. பக்கத்து ஸ்டட் ஒன்றில் சாய்த்து வைத்தேன். 50 டிகிரி தாண்டும்போது கம்பி மெதுவாக வளைந்து டயலும் சேர்ந்து சுற்றுகிறது. சதுர முனைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் ஆட்டம் வேறு, ஊசி சில டிகிரி சும்மாவே நகரும். அதனால் முதலில் லேசாக இழுத்து ஆட்டத்தை எடுத்துவிட்டுத்தான் பூஜ்யம் வைக்க வேண்டும். கூடவே வரும் எக்ஸ்டென்ஷன் நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கிறது. கேஜ் அதற்கு மேலே உட்காருவதால் எக்ஸ்டென்ஷன் முறுக்கிக்கொள்வதையும் போல்ட் திரும்பியதாகக் கணக்குக் காட்டுகிறது. அதாவது கேஜில் 90, போல்ட்டில் அதைவிடக் குறைவு.

இன்னொன்று. கோணத்துக்கு இழுக்க, கிளிக் எதுவும் இல்லாத நீளமான வெறும் கைப்பிடியான பவர் பார் வேண்டும். 60-ல் வைத்த கிளிக் ரெஞ்ச் அதற்கு மேல் கிளிக் அடித்துக்கொண்டே இருக்கும். பவர் பார் இந்த "முழு" செட்டில் இல்லை.

கடைசியில் கேஜைப் பெட்டியில் போட்டுவிட்டு வெள்ளை பெயின்ட் எடுத்தேன். 60 முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலை விளிம்பிலும் இன்ஜினின் முன்பக்கம் பார்த்து ஒரு புள்ளி. முதல் 90-க்குப் பிறகு பத்துப் புள்ளியும் ஒரே பக்கவாட்டுக்கு வர வேண்டும், இரண்டாவதற்குப் பிறகு எல்லாம் பின்பக்கம். எதையாவது விட்டிருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். டயலில் இந்த வசதி கிடையாது.

பெட்டியில் ஒரு தாள் இருக்கிறது, அதில் பத்துப் போல்ட்டுக்கு ஒரு வரிசைப் படம். நடுவிலிருந்து வெளியே போகும் பொதுவான வரிசைதான், தப்பில்லை. ஆனாலும் உங்கள் இன்ஜினின் மேனுவலில் இருக்கும் எண்களையே பாருங்கள். கழற்றும்போது வெளியிலிருந்து உள்ளே, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு.

ரெஞ்ச் வாங்குபவர்கள் வேலை முடிந்ததும் 28-க்கு இறக்கி வையுங்கள், போல்ட் கழற்ற அதைத் தொடாதீர்கள், வருஷத்துக்கு ஒரு முறையோ 5000 கிளிக்குக்கு ஒரு முறையோ அளவு சரியாகக் காட்டுகிறதா என்று கேலிபரேஷன் பாருங்கள். இதே ரெஞ்ச் கேஜ் இல்லாமல் தனியாகவும் வருகிறது. அதை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசில் நல்ல பவர் பாரும் குட்டையான தடித்த எக்ஸ்டென்ஷனும் வாங்குங்கள்.