கேட்ச் எ ஃபயர்: புது ஊசி போட்ட பிறகு

போன வாரம் ரெக்கார்ட் பிளேயருக்கு ஊசி மாற்றினேன். முதலில் போட்டது ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லியும் அவர் குழு வெய்லர்ஸும் 1973இல் வெளியிட்ட ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பம். பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறது. நண்பர் ஒருவர் இதை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

பேஸ் வாசிக்கும் ‘ஃபேமிலி மேன்’ பாரட், டிரம்ஸில் அவர் தம்பி கார்ல்டன். முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவதில் இறங்கும் அந்தத் தாளம், புது ஊசியில் தரை வழியாகக் காலில் ஏறுகிறது. இதற்காகவே எவ்வளவு விலையும் கொடுக்கலாம்.

அப்புறம் ‘கான்க்ரீட் ஜங்கிள்’ பாட்டின் பாதியில் லீட் கிட்டார் வருகிறது. எனக்குக் கோபம் வரும் இடமும் அதுதான். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பதிவான பாட்டு இது. ஆல்பத்தை வெளியிட்ட ஐலண்ட் இசை நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல், ராக் கேட்கிறவர்களையும் இழுக்க நினைத்து, லண்டனில் வெய்ன் பெர்கின்ஸ் என்ற அலபாமாக்காரரை அதன்மேல் வாசிக்க வைத்தார். நன்றாகத்தான் வாசித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் இருந்த வெறுமைதான் பாட்டே. சூரியன் எட்டாத நகரத்தைப் பற்றிப் பாடும்போது எதற்கு இத்தனை வெளிச்சம்?

‘பேபி வீவ் காட் எ டேட்’ பாட்டில் அதே மனிதரின் ஸ்லைடு கிட்டார் அழகாகப் பொருந்துகிறது. காதல் பாட்டு, தாங்கும். வெய்லர்ஸின் இன்னொரு பாடகர் பீட்டர் டாஷ் எழுதிப் பாடிய ‘400 இயர்ஸ்’ பக்கம் பெர்கின்ஸ் போகவில்லை, அதுவரை நிம்மதி.

சிப்போ லைட்டர் போலத் திறக்கும் முதல் உறை என்னிடம் இல்லை. அப்படி அச்சிட்டது சுமார் 20,000 பிரதிகள்தான். என்னுடையது மார்லி முகம் போட்ட பின்னாள் உறை. அதில் குறையில்லை.

நண்பரிடம் 2001இல் வந்த இரட்டை சீடியை வாங்கச் சொல்லிவிட்டேன். பெர்கின்ஸின் கிட்டார் சேர்க்காத கிங்ஸ்டன் கலவை (மிக்ஸ்) அதில் முழுசாக இருக்கிறது, இரண்டு பாட்டு கூடுதல். குரல்களுக்கு நடுவே காற்று போகிறது. உண்மையான ஆல்பம் அதுதான்.

நேற்று ராத்திரி நானும் அதையே போட்டேன். கிட்டார் வர வேண்டிய இடம் வந்தது. வெறும் தாளம் மட்டும் நடந்தது. எழுந்து போய் லண்டன் தட்டை எடுத்துப் போட்டேன்.