பெரம்பூர் மாடிக் கூடத்தில் ரிச்சர்ட் பர்ட்டன்: ஒரு திரையிடல் வரிசையின் மதிப்புரை

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் இயங்கிவரும் சிறிய திரையிடல் கூடம், வேல்ஸ் நாட்டு நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனின் நூற்றாண்டை ஒட்டி அவருடைய படங்களை வார இறுதிகளில் திரையிட்டது. மேடையிலிருந்து திரைக்கு வந்தவர் என்பதால் வசனத்தைக் கொண்டே நடிகரை எடைபோடும் நம்மவர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். மினர்வா தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த ராயபுரம், பெரம்பூர்ப் பெரியவர்கள்தாம் கூட்டத்தில் மிகுதி.

படத் தேர்வை முதலில் பாராட்ட வேண்டும். பர்ட்டன் என்றதும் நடிகை எலிசபெத் டெய்லரை 1964-இல் மணந்ததும், 1974-இல் பிரிந்ததும், 1975-இல் அவரையே மீண்டும் மணந்ததும், மறு ஆண்டே அதுவும் முறிந்ததும்தான் பேச்சாக இருக்கும். கூடத்தார் அந்தக் கதையைக் கையேட்டில் இரண்டு வரிகளோடு முடித்துக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து நடித்த ‘கிளியோபாட்ரா’வையும் வரிசையில் சேர்க்கவில்லை. அதன் நீளத்தை நினைக்கையில் எனக்கு அதில் சிறிதும் வருத்தமில்லை.

நுழைவுச் சீட்டோடு தரப்பட்ட அந்தத் தமிழ்க் கையேடு தனியாகக் குறிப்பிடத்தக்கது. பான்ட்ரிடிவென் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் 1925 நவம்பர் 10 அன்று, பதின்மூன்று பிள்ளைகளில் பன்னிரண்டாமவராக, ரிச்சர்ட் வால்டர் ஜென்கின்ஸ் என்ற பெயரில் பிறந்து, இரண்டு வயது நிறைவதற்குள் தாயை இழந்து, போர்ட் டால்பட்டில் அக்காள் சிசிலியாவிடம் வளர்ந்த அவருடைய இளமையைக் கையேடு நிதானமாகச் சொல்கிறது. வீட்டில் வெல்ஷ் மொழி பேசி, பள்ளியில் ஆங்கிலம் கற்ற அந்தப் பையன் இடையில் படிப்பை விட்டுத் துணிக்கடை வேலைக்குப் போய், பிறகு பள்ளிக்குத் திரும்பியபோது, பிலிப் பர்ட்டன் என்ற ஆசிரியரின் முழுக் கவனத்துக்கும் உரியவனானான். ஆசிரியர் அவனை மலைமேல் அழைத்துச் சென்று, தாம் தொலைவில் நின்றுகொண்டு, கத்தாமலே குரல் தம்மை எட்டும்வரை ஷேக்ஸ்பியர் வசனங்களைச் சொல்ல வைத்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பின்வரிசைக்குக் குரல் கொண்டுபோகப் பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களின் பிள்ளைகளை அடித்துப் பழக்கிய நம் நாடக வாத்தியார்களை அறிந்தவர்களுக்கு இது வெகு இயல்பாகப் புரியும். தத்தெடுக்கச் சட்டம் கோரிய 21 வயது இடைவெளிக்குச் சில நாள்கள் குறைந்ததால், ஆசிரியர் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆனார். மாணவனும் அவர் பெயரையே ஏற்றான்.

திரையிடலில் என் முதல் குறை ‘தி ரோப்’ பற்றியது. 1953-இல் வெளியான இது சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் வந்த முதல் படம். அகலம்தான் அதன் பெருமை. கூடத்தின் திரையோ ஏறக்குறைய சதுரமானது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுச் சட்டகத்தையும் காட்டியிருக்கலாம். மாறாக, திரை நிரம்ப வேண்டும் என்று இரு பக்கங்களையும் வெட்டிவிட்டதால், பேசுபவர் தெரியும்போது கேட்பவர் காணாமற் போனார். பர்ட்டனும் அதில் விறைப்பாகத்தான் இருக்கிறார், அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது என்றாலும்.

வரிசையின் சிகரம் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’. 1964-இல் நியூயார்க்கில் ஜான் கீல்குட் இயக்கத்தில், ஒத்திகைக்கு வந்தவர்களைப் போல நடிகர்கள் சாதாரண உடையில் நடித்த நாடகம் அது. அரங்கிலேயே மின்னணுக் கேமராக்களால் பதிவாகி, அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டே நாள்கள் ஓடியது. படம் மங்கல், முகங்கள் சாம்பல் திட்டுகளாகத் தெரிகின்றன. இதைத் தொடங்கும் முன்பே சொல்லி, ஒலியில் கவனம் செலுத்துமாறு கூடத்தார் கேட்டுக்கொண்டது நல்ல யோசனை. ஸ்பீக்கர்களை மேடைப் பக்கம் மட்டும் வைத்து, பின்சுவரிலிருந்து ஒலி வராமல் செய்திருந்தார்கள். ஒரே வாக்கியத்தில் சிரிப்பிலிருந்து சீற்றத்துக்கும், சீற்றத்திலிருந்து தாழ்ந்த மந்திர ஸ்தாயிக்கும் அவர் இறங்குவதை, அரங்கில் உட்கார்ந்து கேட்பதற்கு நிகராகக் கேட்க முடிந்தது. சில இடங்களில் அவர் தம் குரலில் தாமே மயங்கிப் பொருளை விட்டு ஓசையின் பின்னால் போவதும் அந்தத் துல்லியத்தில் மறையவில்லை.

அதற்கு மறுவாரமே ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ படத்தை வைத்தவருக்கு நடிப்பு தெரிந்திருக்கிறது. 1965-இல் வந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், களைத்துப்போன ஒற்றன் லீமஸாக, அந்த முழங்கும் குரலை அவர் வேண்டுமென்றே அடக்கி வைக்கிறார். என் கணிப்பில் திரையில் அவருடைய மிகச் சிறந்த வேலை இதுதான். ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜினியா உல்ஃப்’ இதற்கு அடுத்த இடம். அப்படத்துக்காக டெய்லர் ஆஸ்கர் பெற்றார், பர்ட்டன் பால் ஸ்கோஃபீல்டிடம் தோற்றார். மொத்தம் ஏழு முறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்கு அந்த விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. குடியும், காசுக்காக ஒப்புக்கொண்ட படங்களும் அவரைக் கெடுத்தன என்று கையேடு முடிவு கட்டுகிறது. 1961-இல் ‘கேமலாட்’ மேடை நாடகத்துக்காக, அமெரிக்க நாடக உலகின் உயரிய டோனி விருது பெற்றதைச் சொல்லாமல் இப்படித் தீர்ப்பெழுதியது நியாயமாகப் படவில்லை.

எவரும் எதிர்பாராதது வானொலி மாலை. வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ் எழுதிய ‘அண்டர் மில்க் வுட்’ நாடகத்தை 1954 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பியபோது, கதைசொல்லும் முதல் குரல் பர்ட்டனுடையது. திரையில் ஒன்றும் ஓடாமல், மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவை மட்டும் கேட்க வைத்தார்கள். வியர்த்துக் கொட்டியது, ரயில் பெட்டிப் பணிமனையான கேரேஜ் ஒர்க்ஸ் பக்கத்து ரயில் ஓசை இடையிடையே புகுந்தது. இருந்தும் எழுந்து போனவர் எவருமில்லை. ஆங்கில உரையை அச்சிட்டுக் கையில் கொடுத்திருந்தால், வேகமாக ஓடும் சொற்களைப் பிடிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

1984 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகு வெளிவந்த கடைசிப் படமான ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’ வரிசையில் இடம்பெறாதது பெருங்குறை. சித்திரவதை செய்பவராக, ஏறக்குறைய கனிவோடு, குரலே உயராமல் அவர் பேசுவதை இந்த ஸ்பீக்கர்களில் கேட்டிருக்க வேண்டும். வேண்டும் என்று கேட்பவர்கள் போதுமான அளவு சேர்ந்தால் அதைத் தனியாகத் திரையிடுவதாகக் கூடத்தார் சொல்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் வாயிலில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதலாம். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடியும் ஒரு பக்கம்தான் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் துணையோடு வருவது நல்லது.