2010 மாடல் பெட்ரோல் கார், 9 வருஷமா தூத்துக்குடில ஓட்டுன அனுபவம்

2016ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன். அப்ப மீட்டர்ல 48,000, இப்ப 1,62,000. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா நான் சொல்லப்போறது வயசான எந்த வண்டிக்கும் வர்றது தான். பழைய கார் பாக்க போற எல்லாரும் "இஞ்சின் எப்படி"ன்னு தான் மொதல்ல கேக்காங்க. என் வண்டி இஞ்சின இன்னைக்கு வரைக்கும் பிரிக்கல. செலவு வச்சதெல்லாம் அத சுத்தி இருக்குற ரப்பர், பிளாஸ்டிக், ஒயர், தகரம்.

பெரிய செலவு ரேடியேட்டர்ல (இஞ்சின்ல சுத்துற தண்ணிய ஆற வைக்கிற பாகம்) தான் ஆரம்பிச்சுது. 2019 மே மாசம், அம்மாவ கூட்டிட்டு மதுரை போறேன், எட்டயபுரம் தாண்டி கொஞ்ச தூரத்துல ஏசி காத்து திடீர்னு சூடா வருது, கேஸ் போச்சு போலன்னு நெனச்சு டேஷ்போர்ட பாத்தா டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறி நிக்குது. அப்பவே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். இஞ்சின் ரொம்ப சூடானா வண்டியே ஏசி கம்ப்ரசர கட் பண்ணிரும், அதனால ஓடிட்டு இருக்கும்போது ஏசி சூடா அடிச்சா மொத வேலையா அந்த முள்ள பாருங்க. இன்னும் அஞ்சு கிலோமீட்டர் தானேன்னு ஓட்டிருந்தா ஹெட் கேஸ்கட் (இஞ்சின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல்) போயிருக்கும். முக்கா மணி நேரம் ஆறவிட்டு, துணி போட்டு மூடிய திறந்து தண்ணி ஊத்தி மெதுவா ஊருக்கே திரும்பி வந்துட்டோம்.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சி ரேடியேட்டர கழட்டி காட்டுனாரு. மேல இருக்குற கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், அலுமினியத்தோட மடிச்சு பிடிச்சிருக்குற எடத்துல முடி மாதிரி ஒரு கீறல், அதுல இருந்து கீழ வரைக்கும் வெள்ளையா உப்பு காஞ்ச தடம். ரொம்ப நாளா கசிஞ்சிருக்கு, நான் தான் பானெட்ட திறந்து பாக்கல. உள்ள இருந்து ஊத்துன தண்ணி செம்மண் கலருல வந்துச்சு. முன்னாடி வச்சிருந்தவர் கூலண்ட் (சூட்டையும் துருவையும் தடுக்குற திரவம்) ஊத்தாம வெறும் போர் தண்ணியவே ஊத்திருக்காரு. அது போதாதுன்னு தெர்மோஸ்டாட் வால்வே (இஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம நிறுத்துறது) இல்ல, வண்டி ஹீட் ஆகுதுன்னு யாரோ கழட்டி போட்டுட்டாங்க. நம்ம ஊர்ல நிறைய எடத்துல இத ஒரு வைத்தியமாவே பண்றாங்க, தயவுசெஞ்சு அத கழட்ட விடாதீங்க. தெர்மோஸ்டாட் இல்லன்னா இஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூட குடிக்கும், உள் தேய்மானமும் அதிகம். புது ரேடியேட்டர், ரெண்டு ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட் எல்லாம் சேத்து மாத்தி, கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்துனோம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடுறேன், முள்ளு பாதிய தாண்டுனதே இல்ல.

அடுத்தது துரு. உப்புக்காத்து ஊரு, கேக்கவே வேண்டாம். கதவு அடியில தண்ணி வடியுற சின்ன ஓட்டை அடைச்சுக்கிட்டா உள்ளயே தண்ணி நின்னு அரிச்சிரும். வருஷம் ஒருக்கா குச்சி விட்டு சுத்தம் பண்ணிருங்க. 2023 டிசம்பர் வெள்ளத்த மறக்க முடியாது, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 94 செமீக்கு மேல மழை. எங்க தெருவுல தண்ணி சீட்டு மட்டம் வரைக்கும் ஏறிருச்சு. வடிஞ்சதும் நான் சாவி போடவே இல்ல, பேட்டரி ஒயர கழட்டிட்டு டோ பண்ணி தான் ஒர்க்‌ஷாப் கொண்டு போனேன், ஏன்னா சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணா கனெக்டிங் ராடு (பிஸ்டன இணைக்கிற கம்பி) வளைஞ்சிரும். கார்பெட் முழுசா எடுத்து வெயில்ல காயப்போட்டு, சீட்டுக்கடியில இருக்குற கனெக்டர் ஒவ்வொண்ணா கிளீன் பண்ணோம். அப்படியும் ஆறு மாசம் கழிச்சு பவர் விண்டோ ஒண்ணு போச்சு.

சஸ்பென்ஷன் புஷ், லோயர் ஆர்ம், இஞ்சின் மவுண்ட் எல்லாம் ஒரு ரவுண்டு மாத்தியாச்சு, கிளட்ச் 1,10,000ல. ஏசி கூலிங் காயில் லீக். கேஸ் மட்டும் அடிச்சு அடிச்சு மூணு தடவ காச விட்டேன், லீக் எங்கன்னு கண்டுபிடிக்காம கேஸ் அடிக்கவே கூடாது. போன வருஷம் பெட்ரோல் வாசம் வருதேன்னு பாத்தா ஃப்யூல் ஹோஸ் (பெட்ரோல் போற ரப்பர் குழாய்) வெடிப்பு விட்டு இருந்துச்சு. வயசா, இல்ல இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலான்னு உறுதியா சொல்ல மாட்டேன், ஆனா எத்தனால் தாங்காத பழைய ரப்பர் இருக்குற வண்டின்னா அத ஒருக்கா செக் பண்ணிருங்க. மைலேஜும் 16ல இருந்து 14.5க்கு வந்துருக்கு.

2025ல 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிச்சேன், ஃபீஸ் மட்டும் 5,000, பசுமை வரி தனி. இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்.

பழைய வண்டி வாங்க போறீங்கன்னா காலைல, இஞ்சின் ஆறிக்கெடக்கும்போதே போங்க. ஓனர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடிய திறந்து விரல விட்டு பாருங்க, கூலண்ட் பச்சையோ சிவப்போ தெளிவா இருந்தா மேற்கொண்டு பேசுங்க, விரல்ல துரு ஒட்டுனா மத்தது எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் விட்டுட்டு வந்துருங்க.